கம்ப்யூட்டர் என்றோர் உத்தியோகம்

நம் அங்கத்தினர் வீடுகளில், கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெங்களூர், புனே, ஹைதராபாத், நொய்டா என்று எந்த ஊரில் இருந்தாலும் "பையன் கம்ப்யூட்டரில் இருக்கிறான்" என்று சொன்னால் போதும். மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆனால் 150 வருஷங்களுக்கு முன் கல்கத்தாவிலோ டேராடூனிலோ ஒரு தகப்பனார், "பையன் சர்வே ஆபீஸில் கம்ப்யூட்டராக இருக்கிறான்" என்று சொல்லியிருந்தால் அதுவும் முழுக்க முழுக்கச் சரியான வாக்கியம்தான். அந்த நாளில் கம்ப்யூட்டர் என்பது மேஜை மேல் வைக்கும் இயந்திரத்தின் பெயரல்ல. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதரின் பதவிப் பெயர்.

காலை முதல் மாலை வரை கணக்குப் போடுவது, மறுநாள் வந்து அதைச் சரிபார்ப்பது, இதுவே அவருடைய ஜீவனம். நிலத்தின் நீளம், மலையின் உயரம், நட்சத்திரத்தின் இடம், கிரகணத்தின் நேரம் எல்லாம் அவர் கையால் ஓடிய எண்களிலிருந்து வந்தவை. இந்தத் தொழில் நம் நாட்டில் எப்படி இருந்தது, யார் செய்தார்கள், அவர்களுடைய பெயர்கள் என்னவாயின என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். ஹாலியின் வால்நட்சத்திரம் எப்போது திரும்பி வரும் என்பதைப் பாரிஸ் நகரில் கிளேரோ, லலாந்த், நிக்கோல்-ரேன் லெபோட் என்ற அம்மையார் ஆகிய மூவரும் 1757, 1758-ஆம் ஆண்டுகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் கணக்கிட்டார்கள். 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, அது சூரியனுக்கு மிக அருகே வரும் என்றார்கள். மார்ச் 13-ஆம் தேதியே வந்துவிட்டது. சொன்ன எல்லைக்கு ஓரிரு நாள் பிசகு என்றாலும், கையால் போட்ட கணக்குக்கு அது பெரிய வெற்றி.

சோழியும் வாக்கியமும்

நம் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு ஆங்கிலப் பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆள் இருந்தார். அவர்தான் பஞ்சாங்கக் கணிதர். அமாவாசை எப்போது, ஏகாதசி எந்த நாள், கிரகணம் எத்தனை நாழிகைக்குப் பிடிக்கும், ஸ்நானமும் தர்ப்பணமும் எப்போது என்று ஊருக்குச் சொல்ல வேண்டியவர் அவரே.

இவர்களுடைய முறையை நேரில் பார்த்து எழுதிவைத்தவர்களில் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல் முக்கியமானவர். சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்வதைப் பார்ப்பதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போய்விட்டதால் அவர் கரை இறங்க முடியவில்லை. கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூன் மாதம் புதுச்சேரியில் தயாராக நின்றபோது மேகம் மறைத்துவிட்டது. 1771-இல் ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி அவருடைய அகாடமி பதவியை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்! அந்தத் துரதிர்ஷ்டசாலி புதுச்சேரியில் இருந்த நாட்களில் தமிழர்களின் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதி நடந்த சந்திர கிரகணத்தை வைத்துச் சோதித்தபோது, கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி அதிகமாகவும் காட்டின.

அவருக்குப் பின் வந்தவர் கர்னல் ஜான் வாரன். பிரான்சில் பிறந்து ஆங்கிலேயப் படையில் சேர்ந்தவர். 1825-இல் சென்னையில் 'கால ஸங்கலித' என்ற பெரிய நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஓலையோ காகிதமோ பார்க்காமல், மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். சந்திரனின் இடத்தைச் சொல்லும் வாக்கியங்கள் 248. சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து 9 சுற்று முடிய ஏறக்குறைய 248 நாள் ஆகும் என்பதால் இந்த எண்ணிக்கை. வரருசியின் பெயரால் வழங்கும் இவற்றில் எழுத்துகளே எண்களாகும். தீரசங்கராபரணம் என்பதன் முதல் இரண்டு எழுத்தைக் கொண்டு 29-ஆவது மேளம் என்கிறோமே, அதே கடபயாதி முறை.

வாரன் ஒப்பிட்டுப் பார்த்ததில் கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியிருந்தது. சோழிகளை நகர்த்தி இவ்வளவு தூரம் வந்தது ஆச்சரியம். ஆனால் 52 நிமிடம் என்பது சிறிய பிசகும் அல்ல. மோட்ச ஸ்நானத்துக்குக் காத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். மேலும், அந்தக் கணிதருக்கு முறை முழுவதும் மனப்பாடம். முறைக்குப் பின்னாலுள்ள தத்துவம் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். கணக்குப் போடுவது ஒன்று, கணக்கை அறிவது மற்றொன்று. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதும் இது நம்மோடு வரும்.

பரங்கிமலையில் ஒரு சங்கிலி

இதே வாரன், அதற்குப் பல வருஷம் முன்பு, வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரிக்கு உதவியாளராக இருந்தவர். இந்தியாவை முக்கோணங்களால் அளந்துவிடலாம் என்று கிளம்பியவர் லாம்டன். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலைக்குப் பக்கத்தில் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைத் தரையில் வைத்து அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு கோட்டை அளந்து முடிக்க மே மாதம் கடைசி வரை ஆயிற்று.

ஏன் இத்தனை பொறுமை? ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் கோணங்களும் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படியே காடும் ஆறும் தாண்டி இமயம் வரை போகலாம். ஆகவே முதல் கோட்டில் ஓரங்குலம் பிசகினால் போகப் போக அது பெருகிக்கொண்டே போகும்.

கோணங்களை அளந்தது சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கருவி. 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு பிசகி இடித்துக்கொண்டது. லாம்டன் கூடாரத்தை மூடிக்கொண்டு சுமார் ஆறு வாரம் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் சீர்ப்படுத்தினார் என்பது பிரசித்தமான சம்பவம்.

சங்கிலியையும் தியோடலைட்டையும் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அளந்து முடித்ததும் கையில் இருப்பது ஒரு மூட்டை எண்கள்தான். பூமி உருண்டையானதால் பெரிய முக்கோணங்களின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகைக்குச் சற்று அதிகமாகவே வரும். அந்த அதிகத்தைக் கழிக்க வேண்டும். வெயிலில் சங்கிலி நீண்டதைக் கழிக்க வேண்டும். ஒரே கோணத்தைப் பல தடவை பார்த்ததில் எதை நம்புவது என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு லாகரிதம் அட்டவணையைப் புரட்டி, பத்தி பத்தியாக எழுதிக் கூட்டிக் கழிக்க வேண்டும். ஒருவர் போட்ட கணக்கை அதைப் பார்க்காத இன்னொருவர் தனியே போட்டு, இரண்டும் ஒத்துவந்தால்தான் புத்தகத்தில் ஏறும். இந்த வேலைக்குத்தான் கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டார்கள்.

30 ரூபாய் சம்பளம்

லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட்டில் காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், கோளத் திரிகோணமிதி தெரிந்த ஒரு இளைஞரைத் தேடினார். கல்கத்தா இந்துக் கல்லூரியின் கணித ஆசிரியர் டைட்லர் தம் மாணவர் ஒருவரைச் சிபாரிசு செய்தார். அவர்தான் ராதாநாத் சிக்தார். 1813-இல் கல்கத்தா ஜோராசாங்கோவில் பிறந்தவர். 1831 டிசம்பரில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார்.

இந்த 30 ரூபாயைப் படித்ததும் நம்மவர்களுக்கு இன்னொருவர் ஞாபகத்துக்கு வரலாம். 81 வருஷம் கழித்து, 1912 மார்ச் மாதம், சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோதும் சம்பளம் அதே 30 ரூபாய்தான். கணக்குத் தெரிந்தவனுக்கு அரசாங்கம் வைத்த விலை அத்தனை வருஷமாகியும் ஏறவில்லை போலும்!

எவரெஸ்ட் கடுமையான மனிதர். யாரையும் லேசில் புகழமாட்டார். ஆனால் ராதாநாத்தின் கணிதத் திறமையை மிக உயர்வாக மதித்தார். அவர் வேறு உத்தியோகத்துக்குப் போவதையும் விரும்பவில்லை. ராதாநாத் கொடுத்த சூத்திரத்தில் எண்களைப் போட்டு முடிக்கும் குமாஸ்தாவாக மட்டும் இருக்கவில்லை. புதிய சூத்திரங்களை அமைத்தார். பிற்காலத்தில் கல்கத்தா வானிலை அலுவலகத்தையும் அவரே கவனித்தார். வெவ்வேறு வெப்பநிலையில் எடுத்த பாரமானி அளவுகளை ஒரே அடிப்படைக்குக் கொண்டுவரும் முறையை வகுத்து 1852-இல் வெளியிட்டார்.

அவருடைய குணத்துக்கு ஒரு சம்பவம் போதும். 1843-இல் டேராடூனில் மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட் என்பவர் சர்வே துறையின் கூலியாட்களைத் தம் சொந்தச் சாமான் சுமக்கக் கூலியில்லாமல் பிடித்துக்கொண்டு போனார். ராதாநாத் அதைத் தடுத்தார். வழக்கு நடந்து அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அபராதம் கட்டினார்; ஆனால் வெட்டிவேலை விஷயம் ஊரறிய வெளியே வந்தது. கூலியாளின் உழைப்பும் உழைப்புத்தான் என்று நின்ற மனிதர், தம் உழைப்பு விஷயத்தில் என்ன பெற்றார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

100 மைலுக்கு அப்பால் ஒரு சிகரம்

1849, 1850-ஆம் ஆண்டுகளில் பீகார் சமவெளியிலிருந்து, ஆறு இடங்களில் தியோடலைட்டை நிறுத்தி, வடக்கே தெரிந்த ஒரு பனிச்சிகரத்தைப் பார்த்துக் கோணங்களைக் குறித்தார்கள். சிகரத்துக்குப் பெயரில்லை. 15 என்ற எண்தான் கொடுத்திருந்தார்கள். நேபாளத்துக்குள் போக அனுமதி இல்லை. ஆறு இடங்களுமே சிகரத்திலிருந்து 100 மைலுக்கு மேல் தள்ளி இருந்தன.

அந்தத் தூரத்தில் என்ன சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள். 110 மைல் தள்ளி நின்றால் பூமியின் வளைவே ஏறக்குறைய 8,000 அடியை மறைத்துவிடும். காற்றில் ஒளி வளைந்து வருவதால் சிகரம் உண்மையில் இருப்பதைவிட 1,000 அடிக்கு மேல் உயர்ந்து தெரியும். இந்த வளைவு காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி. இதையெல்லாம் கூட்டிக் கழித்து, ஆறு இடங்களின் விடைகளையும் ஒப்பிட்டுச் சராசரி எடுத்தபோது 29,002 அடி வந்தது. சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா 1856-இல் இதை அறிவித்தார். உலகத்தின் மிக உயர்ந்த சிகரம் அதுவே.

ராதாநாத் மூச்சிறைக்க ஓடிவந்து, "ஐயா, உலகிலேயே உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று வாவிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. சரித்திர ஆசிரியர்கள் அதை ஏற்பதில்லை. ராதாநாத் 1849 முதல் தலைமைக் கம்ப்யூட்டராகக் கல்கத்தாவில் இருந்தார். வா இருந்தது டேராடூனில். டேராடூனில் ஹென்னசி முதலிய வேறு கணக்காளர்களும் இருந்தார்கள். ஆகவே இது ஒருவர் ஒரு நாளில் கூவிச் சொன்ன கண்டுபிடிப்பு என்பதைவிட, பல மேஜைகளில் பல வருஷம் நடந்த வேலை என்பதே பொருத்தம். அந்த மேஜைகளில் கணிதத்துக்குத் தலைமை வகித்தவர் ராதாநாத் என்பதில் ஐயமில்லை. கதையை விட்டுவிட்டாலும் அவருடைய பெருமை குறையாது.

2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து, செயற்கைக்கோள் உதவியுடன் அளந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அடியில் சொன்னால் சுமார் 29,032. லாகரிதம் புத்தகமும் இறகுப் பேனாவும் வைத்துக்கொண்டு போட்ட கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் 30 அடி!

சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயரைச் சூட்டினார்கள். எவரெஸ்டே அதை விரும்பவில்லை. உள்ளூர் ஜனங்களுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வராது என்றார். கணக்குப் போட்டவர்கள் பெயரை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

நுங்கம்பாக்கத்து ரகுநாதாசாரியார்

இனி நம் சென்னைக்கு வருவோம். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய வான்நோக்கு நிலையம் இருந்தது. மேலே சொன்ன வாரன் சில ஆண்டுகள் அதன் பொறுப்பில் இருந்தவரே. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் இருக்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. 1844-இல் அங்கிருந்த டெய்லர் 11,015 நட்சத்திரங்களின் இடங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பார்த்த நேரம், காற்றின் ஒளிவிலகல், பூமியின் அசைவு எல்லாவற்றுக்கும் திருத்தம் போட வேண்டும். 11,015 தடவை என்று நினைத்துப் பார்த்தால், பின்னால் உட்கார்ந்து கணக்கிட்ட உள்ளூர் உதவியாளர்களின் உழைப்பு விளங்கும். இந்த நிலையம் கணித்த சென்னை நேரத்தை வைத்துத்தான் நாட்டின் ரயில்கள் வெகுகாலம் ஓடின. இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தது 1906 ஜனவரி 1-ஆம் தேதிதான்.

1861-இல் நார்மன் போக்சன் இதன் தலைவரானார். அவருக்கு முதல் உதவியாளராக விளங்கியவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் பரம்பரையிலிருந்து வந்தவர். 1867-இல் அவர் வானில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர். நவீன காலத்தில் இந்தியர் ஒருவர் செய்த இப்படிப்பட்ட முதல் கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின்போது, போக்சன் மசூலிப்பட்டினம் போக, வனபர்த்தியில் தனிக்குழு ஒன்றை நடத்தினார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இவரிடத்தில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது இவை எதுவும் அல்ல. பகலில் ஆங்கில முறைக் கணக்கு, வீட்டில் பரம்பரைப் பஞ்சாங்கம் என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளாதவர் அவர். வாரன் கண்ட 52 நிமிடப் பிசகு எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். முன்னோர் முறையில் குற்றமில்லை. காலத்துக்கேற்ப வானத்தைப் பார்த்து எண்களைத் திருத்தாமல் விட்டதே காரணம். கண்ணால் காண்பதோடு கணக்கு ஒத்துவர வேண்டும் என்று வற்புறுத்தித் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, லெ ஜாந்தீல் பார்க்கக் கொடுத்துவைக்காத அதே காட்சியைப் பற்றி, பல மொழிகளில் ஒரு சிறுபுத்தகம் எழுதினார். பழைய முறை அறிந்த ஒரு சித்தாந்தி கேள்வி கேட்க, வானியலாளர் பதில் சொல்வதாக அமைத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் மதித்தே பேசுகிறார்கள்.

இது ஏதோ ஏட்டுச் சண்டை என்று நினைக்க வேண்டாம். வாக்கியமா, திருக்கணிதமா என்ற கேள்வி இன்றைக்கும் நம் வீடுகளில் ஏகாதசிக்கும் சிராத்த திதிக்கும் வந்து நிற்கிறது. சம்பந்தி வீட்டில் ஒரு பஞ்சாங்கம், நம் வீட்டில் ஒரு பஞ்சாங்கம் என்று திகைக்காதவர் யார்? எதைக் கைக்கொள்வது என்பது அவரவர் ஆசாரியர்களும் குலவழக்கமும் சொல்ல வேண்டியது. ஆனால் கேள்வியின் வேரில் நிற்பவர்களில் ஒருவர், அரசாங்கச் சம்பளத்துக்கு நட்சத்திரக் கணக்குப் போட்ட இந்த நுங்கம்பாக்கத்துப் பெரியவர் என்பதை அறிந்திருப்பது நல்லது. அவர் 1880 பிப்ரவரியில் காலமானார்.

அதே நிலையத்தில் போக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் 25 வருஷம் உதவியாளராகக் கணக்குப் போட்டார். சம்பளம் 150 ரூபாய். 1886-இல் அவருடைய பெயரை ராயல் வானியல் சங்கத்துக்கு முன்மொழிந்தபோது, பெண் என்பதால் இடம் கிடைக்கவில்லை. 1920-இல்தான் கிடைத்தது. ரகுநாதாசாரியாருக்குத் திறந்த கதவு ஐசிஸுக்குத் திறக்க 48 வருஷம் ஆயிற்று.

முன்னுரையிலிருந்து நீக்கப்பட்ட பெயர்

ராதாநாத் விஷயத்துக்குத் திரும்புவோம். 1851-இல் தூலியர், ஸ்மித் என்ற இரண்டு அதிகாரிகள் இந்திய நில அளவைக்கான கையேடு ஒன்றை வெளியிட்டார்கள். அதன் நுணுக்கமான கணிதப் பகுதிகளை எழுதியவர் ராதாநாத். முன்னுரையில் அதை நன்றியோடு ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1862-இல் அவர் ஓய்வு பெற்றார். கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1870 மே மாதம் சந்திரநாகூரில் காலமானார்.

1875-இல் அந்தக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு வந்தது. ராதாநாத் எழுதிய பகுதிகள் அப்படியே இருந்தன. அவர் பெயர் இருந்த முன்னுரை மட்டும் காணாமற்போயிருந்தது! கேட்பதற்கு அவர் உயிரோடு இல்லை. 'ஃபிரெண்ட் ஆஃப் இந்தியா' என்ற ஆங்கிலப் பத்திரிகை 1876-இல் இதை வன்மையாகக் கண்டித்தது. ஆங்கிலேயர் பத்திரிகையே கண்டித்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி நடந்தது? காலனி ஆட்சியின் நிறபேதம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தப் பதவிப் பெயரிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் என்றால் கொடுத்ததைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுப்பவர், இயந்திரம் மாதிரி என்று மேலிடம் நினைத்தது. இயந்திரத்தின் பெயரை யாராவது முன்னுரையில் போடுவார்களா? எந்த எண்ணை நம்புவது, எதைத் திருத்துவது என்று தீர்மானித்தது ஒரு மனித புத்தி என்பதை மறந்தார்கள், அல்லது மறைத்தார்கள்.

இந்திய அஞ்சல் துறை 2004-இல் ராதாநாத் சிக்தாருக்குத் தபால்தலை வெளியிட்டது. கூடவே, மணிமாலையை உருட்டி அடி அடியாக எண்ணிக்கொண்டே திபெத் வரை நடந்து அளந்த குமாவூன் மலைவாசி நைன் சிங்குக்கும் தபால்தலை வந்தது. அவருடைய மாலையில் 108-க்குப் பதில் 100 மணிகள்! அதுவும் ஒரு கம்ப்யூட்டர் உத்தியோகம்தான்.

பதவி இயந்திரத்துக்குப் போனது

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த உத்தியோகம் நம் நாட்டில் இருந்தது. மகலநோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில், கைப்பிடியைச் சுழற்றும் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கணக்காளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சணல் விளைச்சல் முதல் ஜனங்களின் வாழ்க்கைச் செலவு வரை அவர்கள் கையில் ஓடியது. அதே கழகத்துக்கு 1955-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்திலிருந்து மின்னணுக் கணக்குப்பொறி வந்து சேர்ந்தது. பம்பாயில் டாடா ஆராய்ச்சிக் கழகத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழு சொந்தமாகவே ஒரு கணினியைக் கட்டி 1960-இல் இயக்கியது. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார்.

மனிதரின் பதவிப் பெயர் இப்படி இயந்திரத்துக்குப் போயிற்று. கணக்குப் போடும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கணக்கை அறியும் வேலை மனிதரிடமே தங்கியது. புதுச்சேரிக் கணிதரின் சோழிகள் செய்ததை இன்று சில்லு செய்கிறது. ரகுநாதாசாரியார் செய்ததை, அதாவது விடையை வானத்தோடு ஒப்பிட்டு "இது சரியில்லை, எண்ணைத் திருத்து" என்று சொன்னதை, இன்றும் ஒரு ஆள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் எந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கு உரிய இடம் அதுவே. அந்த வேலைக்கு அவர்களுடைய பெயர் எங்காவது எழுதப்படுகிறதா என்ற கேள்வியும் 1875-இல் இருந்தது போலவேதான் இருக்கிறது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வே, வானிலை, ரயில்வே, கணக்குத் தணிக்கை, சென்ஸஸ் என்று கணக்கே ஜீவனமாக இருந்த தாத்தாக்களும் கொள்ளுத்தாத்தாக்களும் நம் குடும்பங்களில் ஏராளம். பஞ்சாங்கம் கணித்தவர்களும் உண்டு. அவர்களுடைய சர்வீஸ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, பரண்மேல் கிடக்கும் ஓலைக்கட்டு, கையால் எழுதிய கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பெயர், ஊர், வேலை பார்த்த இடம், வருஷம் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். முன்னுரையிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட ஒரு பதிப்பு போதும் என்று பார்த்தோம். வீட்டிலிருந்து எடுத்துவிட ஒரு தலைமுறை போதும்.